ஆறு வார நகச்சுற்று

என் நாத்தனார் நல்லவள். இதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுகிறேன், பிறகு சொல்ல எனக்கு மனசு வராது. என் கணவருக்கு அவள் ஒரே தங்கை. புருஷன் போன பிறகு காந்தி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து வீட்டில் மகனோடு இருந்துகொண்டு இட்லி மாவு அரைத்து விற்றுப் பிழைக்கிறாள். யாரிடமும் கை நீட்டியதில்லை, யாரையும் வைததில்லை. அப்படிப்பட்டவளைப் பார்த்துத்தான் நான் இருபத்தெட்டு வருஷமாக வயிறெரிந்துகொண்டிருக்கிறேன்.

கல்யாணமாகி வந்த முதல் வாரமே எனக்குப் புரிந்துவிட்டது, இந்த மனுஷனிடம் எனக்கு முன்னாலேயே ஒருத்தி இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறாள் என்று. வேறு எவளாவது என்றால் தெருவில் நின்று சண்டை போட்டிருப்பேன். தங்கையை என்ன செய்வது? ஊரே அவள் பக்கம்தான் பேசும். இரண்டு முழம் பூ வாங்கினால் ஒரு முழம் அவள் வீட்டுச் சாமி படத்துக்கு என்று அந்தச் சந்தில் இறங்கிவிடும். காய்ச்சல் வந்தால் நான் வைக்கும் கஞ்சி தொண்டையில் இறங்காது, தங்கச்சி ரசம் வைத்துக் கொடுத்தால் இறங்கும். ஒரு நாள் கேட்டேவிட்டேன், அதே மிளகு அதே புளிதானே என்று. "அது வேற கைம்மா" என்றார். அன்று நான் ரசமே வைக்கவில்லை, மோர்தான்.

அவர் பட்டுக்கடையில் சேல்ஸ்மேன். வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் உட்கார்ந்து காலை பத்து மணியிலிருந்து புடவை விரித்துக் காட்டும் வேலை. கல்யாண கோஷ்டி ஒன்று வந்தால் நூறு புடவை விரிக்க வேண்டும், நூறையும் மடிக்க வேண்டும். உடலும் கரையும் சேரும் இடத்தைக் கட்டை விரலால் தடவிக் காட்டி, "பாத்தீங்களா, இதான் கோர்வை, பிச்சாலும் வராது" என்பார். கடைக்கு வருகிறவர்கள் அந்த விரல் போகும் இடத்தைத்தான் பார்ப்பார்கள். நான் முசரவாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். முட்டை, பருப்பு, எழுபது பிள்ளைகளின் தட்டு. எங்கள் ஒரே மகள் கல்யாணமாகி அரக்கோணத்தில் இருக்கிறாள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்குச் சிறுநீரில் ரத்தம் போனது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, வெறும் ரத்தம். சூடு என்று நினைத்து இளநீர் குடித்துப் பார்த்தோம், வெந்தயம் முழுங்கிப் பார்த்தோம். ஸ்கேனில் இடது சிறுநீரகத்தில் கட்டி என்று வந்தது. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் கட்டியைச் சிறுநீரகத்தோடு சேர்த்து எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து கண் திறந்தவர் கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "தங்கச்சி சாப்ட்டாளா?" ராத்திரி பூராவும் கண் மூடாமல் நின்ற நான் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கும் பசிதான்.

மூன்றாம் நாள் டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். என் புருஷன் தூங்கிக்கொண்டிருந்தார், நாத்தனார் கீழே டீ வாங்கப் போயிருந்தாள். டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "அம்மா, கட்டிய எடுத்தாச்சுன்னு சும்மா இருந்துட முடியாது. இது ரத்தத்தோட பயணம் பண்ற ஜாதி. அஞ்சு வருஷம், பத்து வருஷம் கழிச்சுக்கூட எங்கயாவது தலை காட்டும். பெரும்பாலும் நுரையீரல், எலும்பு. ஆனா சில பேருக்கு யாரும் நினைக்காத எடத்துல வரும். மூக்குல வந்து ரத்தம் கொட்டினவங்க இருக்காங்க. நாக்குல, கழுத்துல, தலைத்தோல்ல வந்தவங்க இருக்காங்க. புதுசா கட்டியோ வீக்கமோ எது வந்தாலும் 'இங்க எப்படி வரும்'னு நீங்களே முடிவு பண்ணிடாதீங்க. உடனே கூட்டிட்டு வாங்க."

நாத்தனார் டீயோடு மேலே வந்து, "டாக்டர் இன்னா சொன்னாரு அண்ணி?" என்று கேட்டாள். "உப்பு கம்மியா சாப்பிடணுமாம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று யாராவது கேட்டால் நேரடியாகவே சொல்கிறேன். அவளுக்கு எல்லாம் இருந்தது. அவர் சின்ன வயசு, அவர் அம்மா கதைகள், ரசம், பூ. அவள் இல்லாத இடத்தில் அவரைப் பற்றி ஒன்று முதல்முறையாக என் கையில் கிடைத்தது. அதில் அவளுக்குப் பங்கு கொடுக்க எனக்கு மனசில்லை. அவரிடமும் சொல்லவில்லை, சொன்னால் மறுநாளே அந்தச் சந்துக்குப் போய்விடும் என்று எனக்குத் தெரியும். அண்ணன் அவளுக்கு, அண்ணனின் நோய் எனக்கு என்று மனசுக்குள் பாகம் பிரித்துக்கொண்டேன்.

பாகத்தை ஒழுங்காகவும் பார்த்துக்கொண்டேன். சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கும் சாக்கில் அவர் கழுத்தைத் தடவிப் பார்ப்பேன், அக்குளை அழுத்திப் பார்ப்பேன், தலையை விரல் விரலாகத் துழாவுவேன். "இன்னாம்மா, பேன் பாக்கறியா?" என்பார். நாக்கை நீட்டச் சொல்லி வெற்றிலைக் கறை என்று திட்டுவதுபோல் அடிவரை பார்ப்பேன். அவர் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையை நானே வாங்கித் துவைப்பேன். ஐந்து வருஷம் வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்தோம், ஒன்றும் இல்லை. ஆறாவது வருஷம் அவரே போதும் என்று நிறுத்திவிட்டார். நான் மட்டும் நிறுத்தவில்லை. எங்கள் தெருவில் புருஷன் உடம்பை என்னைப்போல் சோதித்தவள் கிடையாது. விரல்களை மட்டும் பார்க்கவில்லை.

போன வருஷம் ஆடி மாசம், ஒரு நாள் சாயங்காலம் அவர் கடையிலிருந்து வலது கட்டை விரலில் எலுமிச்சம்பழத்தை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். நகச்சுற்றுக்கு நம் ஊரில் செய்வதுதான். பழத்தின் காம்பைச் சீவி, உள்ளே குடைந்து, மஞ்சளும் உப்பும் வைத்து விரலில் செருகிவிடுவார்கள். இரண்டு மூன்று நாளில் பழுத்து உடையும், வலி போகும்.

"இன்னாங்க இது?"

"நகச்சுத்துமா. ரெண்டு நாளா குத்திக்கினு இருந்துச்சு. மத்தியானம் தங்கச்சி போட்டு வுட்டா."

"ஏன், நம்ம வீட்ல எலுமிச்சம்பழம் காய்க்காதா?"

"கடைக்குப் பின்னாலதானே அவ வீடு. சாப்பாட்டு நேரத்துல போனேன்."

"அப்போ நான் கட்டிக் குடுத்த சாப்பாடு?"

டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தேன். புளிசாதம் பாதி அப்படியே இருந்தது. அந்தப் பாதிச் சாதத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தில் விரலைப் பார்க்கத் தோன்றவில்லை. வலிக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அது தினப்படி ஆகிவிட்டது. கடையில் எலுமிச்சையோடு புடவையைத் தொடக்கூடாது. சாறு பட்டால் ஜரிகை கறுத்துவிடும். "மொதல்ல கைய சரி பண்ணிக்கப்பா, அதுவரைக்கும் நீ எடுத்துக் குடு, வேற ஆள் விரிக்கட்டும்" என்று முதலாளி சொல்லிவிட்டார். ஆகவே காலையில் விரல் சும்மா இருக்கும். மத்தியானம் சாப்பாட்டு வேளையில் தங்கை வீட்டுக்குப் போவார். அவள் வெந்நீரில் விரலைக் கழுவி, துடைத்து, எலுமிச்சையைப் போட்டு அரை மணி நேரம் உட்கார வைப்பாள். அந்த அரை மணிக்குள் சூடாக ஒரு குழம்பும் போய்விடும். சாயங்காலம் கடை விட்டு வரும்போது மறுபடி ஒரு புதுப் பழம் மாட்டி அனுப்புவாள். என் டிபன் பாக்ஸ் தினமும் பாதி பாக்கியோடு திரும்பி வந்தது.

பக்கத்து வீட்டம்மா வேறு எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றினாள். "உங்க வூட்டுக்காரரு தங்கச்சி வூட்டு வாசப்படில விரல நீட்டிக்கினு ஒக்காந்திருக்காரு, அது ஊதி ஊதி வுடுது. பாக்கவே பாசமா இருக்குது போ!" என்றாள். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. ஐம்பத்து நாலு வயசு மனுஷன், பேரப்பிள்ளை எடுத்தாயிற்று, விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம்! ஊதுவதற்கு ஒருத்தி!

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். வைத்தியம் யார் பார்க்கிறாளோ அவளே பார்த்துக்கொள்ளட்டும். அவர் வீட்டுக்குள் வந்ததும் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். கையைத் தட்டுப்பக்கம் கொண்டு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அந்த வாரங்களில் எண்ணெய்க் குளியலும் கிடையாது. சில நாள் அவர் கூடத்தில் உட்கார்ந்து அந்தக் கையை மடிமேல் மல்லாக்க வைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி இருப்பார். வேண்டுமென்றே காட்டுகிறார், தங்கை போட்டது என்று பெருமை பீற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று நாளில் உடைய வேண்டிய நகச்சுற்று மூன்று வாரமாயிற்று, நாலு வாரமாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எலுமிச்சை கழன்று ஓரமாகக் கிடந்தது. விரல் நுனி தவளைத் தலை மாதிரி அகன்று, கருஞ்சிவப்பாக, நகத்தையே தூக்கிக்கொண்டு நின்றது. குனிந்து பார்த்தபோது அது துடித்தது, உள்ளே ஒரு நாடி ஓடுவதுபோல். டாக்டர் சொன்னது ஒரு நொடி வந்து போனது. கட்டை விரலிலா, என்று தள்ளிவிட்டேன். அதை முந்திக்கொண்டு வேறொரு நினைப்பு வந்து நின்றது. இன்னும் இரண்டு வாரம் போகட்டும், அவள் வைத்தியம் தோற்றுப்போனது நன்றாகத் தெரியட்டும், அப்புறம் இந்த மனுஷன் என்னிடம்தான் வந்தாக வேண்டும். இப்படி நினைத்தேன். நினைத்துவிட்டு, நனைத்து வைத்த துணியைத் துவைக்கப் போனேன்.

இரண்டு வாரம் போனது. என்னிடம் வரவில்லை. தங்கைதான் பயந்துபோய் அவரை பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். சீழ் கட்டியிருக்கும் என்று டாக்டர் லேசாகக் கீறினார். சீழ் வரவில்லை. ரத்தம் வந்தது. கட்டுப் போட்டார், கட்டுத் துணியை நனைத்துக்கொண்டு வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் முட்டை உரித்துக்கொண்டிருந்தேன், போன் அடித்தது.

"அண்ணி, ரத்தம் நிக்கவே மாட்டேங்குது அண்ணி. சீக்கிரம் வாங்க."

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கை அவள் மடியில் இருந்தது. தன் முந்தானையைச் சுருட்டி அந்த விரலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். வெளிர்நீலப் புடவை முழங்கால் வரை சிவப்பு. பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன், உண்மைதான். ஆனால் அதற்கும் ஒரு கணம் முன்னால் எனக்குத் தோன்றியதையும் மறைக்காமல் சொல்கிறேன். இவர் ரத்தம்கூட இவள் புடவைக்குத்தான் போகிறது என்று தோன்றியது.

ரத்தம் ஒருவழியாக நின்ற பிறகு எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தார். கட்டை விரலின் நுனி எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் பாதிதான் இருந்தது, மீதி அரித்துப்போயிருந்தது.

"இவருக்கு இதுக்கு முன்னாடி பெரிய ஆபரேஷன் ஏதாவது நடந்திருக்கா?"

"ஒரு கிட்னி எடுத்திருக்குது சார்" என்றேன். "கட்டி."

டாக்டர் எக்ஸ்ரேயைக் கீழே வைத்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நாத்தனார் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "கிட்னிக்கும் கட்டை வெரலுக்கும் இன்னா சார் சம்பந்தம்?" என்று கேட்டாள். அது அவள் கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு ஏழு வருஷமாக என்னிடம் பதில் இருந்தது.

பிறகு பெரிய ஆஸ்பத்திரி. விரலிலிருந்து கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சிறுநீரகத்தில் இருந்த அதே நோய்தான் என்று முடிவு வந்தது. கட்டை விரலின் மேல் கணுவை எடுத்தார்கள். ஸ்கேனில் நுரையீரலில் இரண்டு சிறு புள்ளிகள் தெரிந்தன. அதற்குத் தினசரி மாத்திரை. விரல் நுனிக்கு இந்த நோய் வருவது ரொம்ப அபூர்வமாம். சின்னச் சின்ன டாக்டர்கள் கூட்டமாக வந்து பார்த்தார்கள், அனுமதி கேட்டுப் போட்டோ எடுத்தார்கள். அதில் ஒரு பெண், "இவ்ளோ நாளா வீட்ல இந்த விரல யாரு பாத்துக்கிட்டாங்க?" என்று கேட்டாள். என் புருஷன் கொஞ்சமும் யோசிக்காமல், "தங்கச்சி" என்றார். கட்டிலின் மறுபக்கம் நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

பெரிய டாக்டரிடம் ஒன்று மட்டும் தனியாகக் கேட்டேன். ஆறு வாரத்துக்கு முன்னாலேயே வந்திருந்தால்? "விரல் போயிருக்கத்தான் செய்யும். அந்தப் புள்ளிங்க அப்பவே இருந்துச்சா இல்லையான்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றார். இருந்திருக்கும் என்றோ, இல்லை என்றோ ஒன்றைச் சொல்லியிருந்தால் தேவலை.

அவர் வீட்டுக்கு வந்த மறுநாள் நாத்தனார் வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலிலேயே என் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாலதான் அண்ணி. நான்தான் எலுமிச்சம்பழம், எலுமிச்சம்பழம்னு ஆறு வாரத்த ஓட்டிட்டேன். படிக்காத முண்டம். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நீங்க அப்பவே கூட்டிக்கினு போயிருப்பீங்க."

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன், ஆனால் வந்தது வேறு வார்த்தை. "வுடும்மா, உனக்கு இன்னா தெரியும். வேணும்னா செஞ்சே?" என்று அவளைத் தூக்கி நிறுத்தினேன். என் குரலில் அப்படி ஒரு பெருந்தன்மை. அவள் என் தோளில் விழுந்து அழுதாள். இருபத்தெட்டு வருஷத்தில் முதல்தடவை அவள் கீழேயும் நான் மேலேயும் நின்றோம். அது எனக்குப் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு அவள் தன்னைத் தானே தண்டித்துக்கொள்ள ஆரம்பித்தாள். எலும்பு நோய்க்கு மாகறல் சாமியைக் கும்பிடுவார்கள். அவள் ஞாயிற்றுக்கிழமை தோறும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறி அங்கே போய் வந்தாள். பிறகு வெள்ளிக்கிழமையும் சேர்ந்துகொண்டது, அப்புறம் செவ்வாய். மற்ற நாளிலும் ஒரு வேளைச் சோறுதான் என்று அவள் மகன் சொன்னான். மாவுப் பாத்திரத்தைத் தூக்கும்போது ஒரு நாள் மயங்கி விழுந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, ஜாக்கெட் தோளில் நிற்காமல் நழுவியது. நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அவள் சாப்பிடுவாள். அதுவும் எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சொன்னால் அவள் மறுபடி மேலே ஏறிவிடுவாள், நான் கீழே இறங்கிவிடுவேன். இன்னொன்றும் இருந்தது. அவருக்காக இப்படிப் பட்டினி கிடக்க எனக்குத் தோன்றவில்லையே என்று அவள் விரதத்தைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன்.

மாசி மாசம் ஸ்கேன் எடுத்துவிட்டு நானும் அவரும் பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். புள்ளிகள் வளரவில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் ஜன்னலோரம், நான் பக்கத்தில். குட்டையான அந்த விரல் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தது.

"அவள சாப்பிடச் சொல்லும்மா" என்றார். "நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறா. தன் கையால கெட்டுதுன்னு அவ மனசுல இருக்குது. அப்படி இல்லன்னு நீ சொன்னாத்தான் நம்புவா."

"நான் எப்படி அப்படி இல்லன்னு சொல்றது?"

"இல்லதானே. எனக்கு ரெண்டாவது வாரமே சந்தேகம்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினார். "அப்போ கிட்னி எடுத்துட்டு டிஸ்சார்ஜ் பண்ணாங்களே, நீ கீழ மருந்து வாங்கப் போயிட்டே. நான் டாக்டர்கிட்ட கேட்டேன், திரும்ப வருமான்னு. எல்லாத்தையும் சொன்னாரு. எங்க வேணா வரும்னு. உன்கிட்டயும் சொல்லியாச்சுன்னாரு. நீ பயப்படுவேன்னுதான் நானும் அத பத்தி வாயத் தொறக்கல. சனிக்கெழம சனிக்கெழம நீ தேடித் தேடிப் பாக்கிறது எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுக்கினேவா அவகிட்ட போனீங்க?" என் குரல் உயர்ந்துவிட்டது. முன்சீட்டுக்காரர் திரும்பினார்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது இல்லம்மா. அவளுக்கு அது வெறும் நகச்சுத்து. அவ ஊதி வுட்டுக்கினு ஏதாவது பேசிக்கினு இருப்பா. அந்த அரை மணி எனக்கும் அது நகச்சுத்தாவே இருந்துச்சு. வீட்டுக்கு வந்தா நீ இருப்பே. நீ ஒரு தரம் பாத்தா போதும், கண்டுபுடிச்சுடுவே. அப்புறம் ஆஸ்பத்திரிதான்." கம்பியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். "ஒவ்வொரு நாளும் வாசப்படி ஏறும்போது, இன்னிக்கு இவ கையப் புடிச்சுப் பாத்துடுவா, சரி போயிடலாம்னு நெனச்சிக்கினேதான் வருவேன். நானா சொல்றதுக்கு தைரியம் வரல. நீ பாப்பேன்னு இருந்தேன்."

மடிமேல் மல்லாக்க வைத்திருந்தாரே, அந்தக் கை. பெருமை என்று நினைத்தேனே. அழுகை வந்தது. அதோடு சேர்ந்து அந்தப் பாழாய்ப்போன பொறாமையும் வந்தது. ஆறு வாரம் அவர் நோயாளியாக இல்லாமல் இருந்த அந்த அரை மணி நேரங்கள் அவள் வீட்டில்தான் நடந்தன. என்னிடம் அவர் எதிர்பார்த்தது கண்டுபிடிப்பதை. அதையும் நான் செய்யவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். காலையில் எதுவும் சாப்பிடாமல்தான் கிளம்பினேன், சாப்பிட முடியவில்லை. மாகறல் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். நெற்றியில் விபூதி, உதடு காய்ந்து வெடித்திருந்தது. மகன் ஷிப்ட் முடிந்து வருவான் என்று சோறு வடித்து, கத்திரிக்காய்க் குழம்பு வைத்து மூடியிருந்தாள். "வாங்க அண்ணி" என்று பாய் விரித்தாள்.

உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். நின்று யோசித்தால் திரும்பிப் போய்விடுவேன் என்று பயம். டாக்டர் வராந்தாவில் சொன்னது, உப்பு என்று நான் சொன்ன பொய், ஏழு வருஷம் அவளிடம் மறைத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். நாலாவது வாரம் அந்த ஞாயிற்றுக்கிழமை விரல் துடிப்பதைப் பார்த்ததையும் சொன்னேன். அப்போது என்ன நினைத்தேன் என்பதையும் சொன்னேன், அவள் வைத்தியம் தோற்கட்டும் என்று.

அவள் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அன்னிக்கு வாசல்ல உங்க கால்ல வுழுந்தனே அண்ணி. அப்போ சொல்லி இருக்கலாம் இல்ல?"

"இருக்கலாம்" என்றேன்.

"அஞ்சு மாசம்" என்றாள்.

அழுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டுவாள் என்றுகூட எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கையை ஊன்றி எழுந்து அடுப்படிக்குப் போனாள். தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது. தட்டு நிறையச் சோறு போட்டு, குழம்பை ஊற்றிக்கொண்டு வந்து என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பிசைந்து, பெரிய பெரிய கவளமாக, அவசரமில்லாமல் சாப்பிட ஆரம்பித்தாள்.

அந்த வீட்டில் சாப்பிட்டாயா என்று கேட்காமல் என்னை யாரும் உட்கார வைத்ததில்லை. அன்று என்னிடம் அந்த ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் தட்டை வழித்துச் சாப்பிட்டு முடிக்கும் வரை நான் பசியோடு அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தேன்.